மூலைக்குப் போகாத டெம்ப்சி

எதிராளியைக் கீழே சாய்த்த குத்தே ஒரு வீரரின் தோல்விக்குக் காரணமாக முடியுமா? முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மனாசா என்ற சின்ன ஊரில் பிறந்தவர் குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சி. சுரங்கத்தில் வேலை, மதுக்கடைகளில் பந்தயச் சண்டை என்று வளர்ந்தவர். 1919-இல், தன்னைவிட ஆஜானுபாகுவான ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தி, உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். விழுந்தவரின் பக்கத்திலேயே நின்று, எழுந்ததும் அடிப்பது அன்றைக்குத் தப்பில்லை.

எட்டு வருஷம் கழித்து, சிகாகோவில் அந்தப் பழக்கமே அவர் காலை வாரிவிட்டது. தன் பட்டத்தைப் பறித்த ஜீன் டன்னியை ஏழாவது சுற்றில் தரையில் உட்கார வைத்தார் டெம்ப்சி. ஆனால் விதி மாறியிருந்தது. வீழ்த்தியவர் விலகி மூலைக்குப் போனால்தான் நடுவர் எண்ணுவார். டெம்ப்சி நகரவில்லை. நடுவர் அவரை அனுப்பிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க, ஒன்பதில் டன்னி எழுந்துவிட்டார், சண்டையையும் ஜெயித்தார். எப்படியும் எழுந்திருப்பேன் என்பது டன்னியின் வாதம். புள்ளிகளில் அவர் முந்தியிருந்ததும் உண்மைதான். ஆனாலும், மூச்சு வாங்க அந்தச் சில நொடிகளைத் தந்தது டெம்ப்சியின் பழைய பழக்கம்தானே! இனி, குத்துச்சண்டையில் ஒருவர் விழுந்ததும் மற்றவர் மூலைக்கு விரைவதைப் பார்த்தால், டெம்ப்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.