முதல் மூச்சுக்கு வேண்டிய பூச்சு

நுரையீரல் தானாக விரிவதில்லை. அதை விரிக்கும் தசைகள் வெளியே இருக்கின்றன. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கி வளைந்திருக்கும் உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது. விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகள் விலாக்கூட்டைத் தூக்குகின்றன. நெஞ்சறை பெரிதாக, அதன் சுவரை ஒட்டியே நகரும் நுரையீரலும் விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று நுழைகிறது, சாதாரண மூச்சுக்கு அரை லிட்டர் அளவில். மூச்சை வெளியே விடத் தசைகள் தளர்ந்தாலே போதும். பள்ளிப் பாடத்தில் படித்தது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இதெல்லாம் சரியாக நடந்தும் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறி இறந்துபோகலாம். ஏன் என்று கண்டுபிடிக்க மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரிந்து, சுமார் 23 முறை கிளைத்த பின் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. ஒரு நுண்ணறையின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு இப்படிப் பல கோடி அறைகள். அவற்றில் காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. சிவப்பணு ஒன்று அந்தச் சுவரை ஒட்டிக் கடக்க எடுத்துக்கொள்வது சுமார் முக்கால் நொடி. ஆக்சிஜன் ஏறுவதற்கு அதுவே தாராளம்.

சிக்கல் என்னவென்றால், நுண்ணறைகளின் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறது. நனைந்த பிளாஸ்டிக் பையின் வாயைப் பிரிக்க நாம் படும் பாடு தெரியும். நீரின் பரப்பு இழுவிசை இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதே விசை நுண்ணறையையும் உள்நோக்கி இழுக்கிறது. அறை சிறிதாகச் சிறிதாக இழுப்பு வலுக்கும். கணக்குப்படி, ஒவ்வொரு முறை மூச்சு விட்டதும் சிறிய அறைகள் மூடிக்கொண்டு, தம் காற்றைப் பெரிய அறைகளுக்குத் தள்ளிவிட வேண்டும்.

1929இல் குர்ட் ஃபான் நீர்கார்ட் பன்றியின் நுரையீரலைக் காற்றால் நிரப்பிப் பார்த்தார். பிறகு திரவத்தால் நிரப்பினார். திரவத்தால் நிரப்பக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லாதபோது நுரையீரல் எளிதாக விரிகிறது என்பது இதன் பொருள். அந்தக் கட்டுரையை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1955இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வந்த நுரையை நுண்ணோக்கியில் கவனித்தார். சாதாரண நீரில் நுண்குமிழிகள் சுருங்கி மறைந்துவிடும்; இந்தக் குமிழிகளோ அப்படியே நின்றன. அவற்றின் மேல் ஏதோ ஒரு படலம் இருந்தாக வேண்டும்.

அந்தப் படலத்தை மருத்துவர்கள் சர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். நுண்ணறைச் சுவரிலுள்ள தனி வகைச் செல்கள் அதைச் சுரக்கின்றன. பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம். நீர்ப்பரப்பில் பரவி அதன் இழுவிசையைத் தணிக்கிறது. அதன் உண்மையான சாமர்த்தியம் வேறு. அறை சுருங்கும்போது மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பதால் இழுவிசை இன்னும் இறங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. எங்கே மூடிக்கொள்ளும் ஆபத்து அதிகமோ அங்கேதான் பாதுகாப்பும் அதிகம். மனித உடலில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியாது.

கருவில் இந்தச் செல்கள் ஆறாம் மாதவாக்கில் வேலையைத் தொடங்கினாலும், போதிய அளவு சேர 34, 35 வாரங்கள் ஆகும். அதற்கு முன், போதிய சர்ஃபாக்டன்ட் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப் போலவே கடினம். மூக்குத் துவாரங்கள் விரியும். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கும். மூச்சு விடும்போதெல்லாம் முனகும். அந்த முனகல் அழுகை அல்ல; குரல்வளையைப் பாதி மூடி, காற்று முழுவதும் போய்விடாமல், அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கப் பிஞ்சு உடல் தானே கண்டுகொண்ட வழி. இன்று மூக்கில் பொருத்தும் சிபாப் கருவியும் அதையேதான் செய்கிறது: காற்றழுத்தம் தந்து அறைகளைத் திறந்து வைக்கிறது.

இவ்வாறு மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் குறைவு என்பதை 1959இல் பாஸ்டனில் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே பாஸ்டனில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் இந்த நோயால் இறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தவன்; உயிரோடு இருந்தது 39 மணி நேரம். காரணம் தெரிந்திருந்தது, மருந்து இல்லை. 1980இல்தான் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழல் வழியே செலுத்திப் பலன் கண்டார். குழந்தையின் செல்கள் சில நாள்களில் தாமே சுரக்கத் தொடங்கிவிடும். அதுவரை தாங்க வைப்பதே மருந்தின் வேலை.

இதைவிட மலிவான வழி ஆட்டுக்குட்டிகளிடமிருந்து கிடைத்தது. நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ், கருவிலேயே ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டிகள் மிக முன்னதாகப் பிறந்தும் மூச்சு விட்டதைக் கவனித்தார். 1972இல் அவரும் ராஸ் ஹோவியும் கர்ப்பிணிகளுக்கு ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு, குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் குறைவதை நிறுவினார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் 'நுரையீரல் வளர்ச்சிக்கான ஊசி' என்று சொல்லிப் போடுவது இந்த வகை ஊசியைத்தான்: டெக்சாமெத்தசோன், 12 மணி நேர இடைவெளியில் நான்கு தவணை. முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதனால்தான் குறைமாதத்தில் வலி கண்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வரச் சொல்கிறார்கள்.