நீலகண்டர்னா… எந்த நீலகண்டர்? தெரியுமா?

63 நாயன்மாரில் திருநீலகண்டர் ஒருவரல்ல, இருவர்! தெரியுமா? அதைவிட ஆச்சரியம், இருவருமே இன்றைய கடலூர் மாவட்டத்துக்காரர்கள்! ஒருவர் சிதம்பரத்துக் குயவர். மற்றவர் விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினத்துப் பாணர். அந்த ஊருக்கு அன்று திருஎருக்கத்தம்புலியூர் என்று பேர். ஒருவர் கையில் களிமண், இன்னொருவர் கையில் யாழ்!

ஆள் மாறாட்டம் வரும் என்று 8ஆம் நூற்றாண்டிலேயே சுந்தரருக்குத் தெரிந்திருக்கிறது! நாயன்மாரைப் போற்றி அவர் பாடிய திருத்தொண்டத் தொகையில் மொத்தமே 11 பாட்டு. முதல் பாட்டில் வருபவரைக் ‘குயவனார்’ என்கிறார். கடைசிப் பாட்டில் வருபவரைப் ‘பாணனார்’ என்கிறார். இனிஷியல் இல்லாத காலத்து இனிஷியல்!

குயவனாரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது ஒரே ஒரு சொல் என்றால் நம்புவீர்களா? கோபத்தில் மனைவி ‘என்னைத் தொடாதீர்’ என்று ஆணையிட்டிருந்தால் பரவாயில்லை. ‘எம்மை’ என்று பன்மையில் சொல்லிவிட்டார்! அவ்வளவுதான், உலகத்தில் எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார் மனிதர்! ஒரே வீட்டில் இருந்தார்கள், முதுமை வந்தது, அக்கம்பக்கத்துக்குச் செய்தியே தெரியாது! கடைசியில் ஒரு மூங்கில் கோலின் இரு முனையை இருவரும் பிடித்துக் குளத்தில் மூழ்கினார்கள். எழுந்தபோது இளமை திரும்பியிருந்தது! அதனால்தான் சிதம்பரத்தில் அந்தக் கோயிலுக்கு ‘இளமையாக்கினார் கோயில்’ என்று பேர்!

அதே கோயிலில் இன்னொரு நாயனாரும் உண்டு, தெரியுமா? கணம்புல்லர்! எண்ணெய் வாங்கக் காசில்லை. கணம்புல்லைக் கொண்டு விளக்கெரித்தார். ஒருநாள் புல்லும் போதவில்லை. தலைமுடியையே எரித்தார்! இவரைச் சீர்காழிக் கணநாதரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வேறு!

கலிக்கம்பர், கலிக்காமர்… எழுத்துப் பிழை என்று நினைத்தீர்களா? இல்லை, இரண்டு பேர்! பழைய வேலைக்காரர் ஒருவர் அடியாராக வந்தபோது, அவர் கால் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையை வெட்டியவர் பெண்ணாகடத்துக் கலிக்கம்பர். சுந்தரர் வந்து நோய் தீர்ப்பதா என்று தன்னைத்தானே குத்திக்கொண்டவர் ஏயர்கோன் கலிக்காமர். (இருவர் வீட்டிலும் கத்தியை ஒளித்து வைத்திருக்கலாம்!)

ஒரு பேருக்கு இரண்டு ஆள் இருக்கட்டும். ஒரே ஆளுக்கு எத்தனை பேர் தெரியுமா? பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார்தான் தருமசேனர், நாவுக்கரசர், வாகீசர், அப்பர் எல்லாம்! திங்களூர் அப்பூதியடிகள் அவரைக் கண்டதே இல்லை. ஆனாலும் மூத்த மகன் பேர் திருநாவுக்கரசு, இளைய மகன் பேரும் திருநாவுக்கரசு! பசு, எருமை, தராசு, தண்ணீர்ப் பந்தல் வரை அதே பேர்! ‘உம் பேரை வைக்காமல் வேறொருவர் பேரை ஏன் வைத்தீர்?’ என்று அப்பரே கேட்க, ஆள் தெரியாமல் அவரிடமே கோபப்பட்டார் அப்பூதி!

ஒரே பேரில் இருவர் என்ற கதை இயேசுவின் 12 சீடர்களிலும் உண்டு! இரண்டு யாக்கோபு, இரண்டு சீமோன், இரண்டு யூதா! நம் கத்தோலிக்கர்கள் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள்: பெரிய யாகப்பர், சின்ன யாகப்பர்! அந்தோனியாரிலும் இருவர் உண்டு. ஜூன் 13 பதுவை அந்தோனியாருக்கு, ஜனவரி 17 எகிப்துப் பாலையில் தவமிருந்த வனத்து அந்தோனியாருக்கு!

விருத்தாசலம் கோயிலில் அம்மன் பேர் பெரியநாயகி. அதே வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய தேவாலயத்தில் மாதா பேர்? அதுவும் பெரியநாயகி!

அடுத்த முறை சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்தால், யாழோடு நிற்பவரைத் தேடுங்கள். ராஜேந்திரப்பட்டினத்துக்காரர் அவர்தான்!