பஞ்சாயத்துக் கணிப்பொறியின் மறதியும் அதற்குரிய மாற்றும்

ஆவடி, பூந்தமல்லி நகரங்களைச் சூழ்ந்த கிராமங்களிலும் வீட்டு வரி முதலிய கணக்குகள் இன்று கணிப்பொறியில் எழுதப்படுகின்றன. அக்கருவி இயங்காவிடில், வரி செலுத்த வந்த விவசாயி ஒரு நாள் வேலையை இழந்து வீடு திரும்ப நேரிடும்.

விடுமுறை கழிந்த காலையில், துவக்குவதற்கு டிஸ்க் இல்லை என்னும் பொருள்படத் திரையில் எழுத்துகள் தோன்றுவதுண்டு. உடனே புதிய டிஸ்க் வாங்கத் தீர்மானம் இயற்ற வேண்டுவதில்லை. கருவியை இயக்கியவுடன் ‘எப் 2’ அல்லது ‘டெலீட்’ விசையை அழுத்தினால், பெரும்பாலானவற்றில் அமைப்புத் திரை வரும். அங்கே தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருப்பின், குற்றம் பெரும்பாலும் ஒரு சிறு பாட்டரியுடையதே.

கருவியினுள் மதர்போர்டில் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. பொதுவாக அது ‘சி.ஆர். 2032’ என்னும் வகை. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. எந்த டிஸ்கிலிருந்து துவங்குவது என்னும் அமைப்பையும் பல கருவிகளில் அதுவே காக்கிறது. சில ஆண்டுகளில் அது வலுவிழக்கும். மாலைதோறும் சுவர் சுவிட்சை நிறுத்தும் அலுவலகங்களில் இக்குறை முன்னதாகவே வெளிப்படும். கிணற்றுப் பம்பில் புட்வால்வு கசிந்தால் இரவில் குழாய்நீர் இறங்கிவிடும். அதற்காக மோட்டாரையே மாற்றும் விவசாயி எவருமில்லை. இதுவும் அத்தகையதே.

செய்ய வேண்டுவன வருமாறு:

1. கருவி நன்கு இயங்கும் நாளிலேயே டிஸ்க் வரிசையையும் ‘சாட்டா’ முறையையும் பதிவேட்டில் குறித்து வைக்கவும்.

2. மின்கம்பியைக் கழற்றி, கூட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே பாட்டரியை எடுக்கவும். புதியதைக் கூட்டல் குறி முன்போல் தெரியுமாறு பொருத்தவும்.

3. தேதியையும் குறித்து வைத்த அமைப்புகளையும் சரிசெய்து சேமிக்கவும். தேதி தவறாயிருந்தால் அரசு இணையதளங்களும் திறக்க மறுக்கலாம்.

தேதி சரியாக நின்றும் டிஸ்கின் பெயர் அமைப்புத் திரையில் காணப்படாவிடில், கேபிளையோ டிஸ்கையோ ஐயுறல் வேண்டும். அப்போது டிஸ்கை அழித்துப் புதிதாக எழுத எவரையும் அனுமதித்தல் கூடாது. உள்ள கணக்குகளை முதலில் நகலெடுக்கச் செய்க.

பழைய பாட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனைக் குப்பையில் எறியாது, கழிவு பாட்டரி சேகரிப்போரிடம் சேர்ப்பிக்கவும். சில ரூபாய்களில் தீரும் குறைக்குப் பொதுப்பணம் வீணாகாமற் காப்பது அங்கத்தினர்களின் கடமையாகும்.