பூட்டிய விடைகளும் திறந்த வழிகளும்

பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் கைது செய்யப்பட்டவர் ரோனா வில்சன். அவருடைய மடிக்கணினியில் இருந்த கடிதங்கள் தீய மென்பொருள் வழியாகத் திணிக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை மறுத்தது. இத்தகைய அறிக்கையைப் படித்துச் சோதிக்க வல்லவர்கள் நம்மிடையே வேண்டும். ஆகவே கணினிப் பாதுகாப்புப் பாடம் நமக்கு வெறும் மதிப்பெண் அன்று.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் இப்பாடத்தை வில்லியம் ஸ்டாலிங்ஸின் நூல்வழிப் பயில்கின்றனர். அத்தியாய இறுதியில் கணக்குகள் உண்டு. முழு விடைத் தொகுப்பைப் பதிப்பகம் ஆசிரியர்களுக்கு மட்டுமே அளிக்கிறது. கட்டணத் தளங்கள் விடைகளை விற்கின்றன. வீட்டில் கேட்டுத் தெளிய எவருமில்லாத முதல் தலைமுறை மாணவர்க்கு இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன. இது திறமைக் குறைவன்று, வாய்ப்புக் குறைவு.

எனினும் திறந்த வழிகள் உள்ளன. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல் பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகளின் விடைகள் கெடு முடிந்தபின் வெளியாகின்றன. பயில்வதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம். ஏ.இ.எஸ். குறியாக்கக் கணக்கைச் சரிபார்க்க, அமெரிக்கத் தர நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஃபிப்ஸ் 197 ஆவணத்தின் பின்னிணைப்பு போதும். ஒவ்வொரு சுற்றின் மதிப்பும் அதில் அச்சாகியுள்ளது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வென்லியாங் டூ உருவாக்கிய சீட் லேப்ஸ் பயிற்சிகளும் இலவசமே. அங்கு விடைநூல் தேவையில்லை: தாக்குதல் பலித்ததா, தடுப்பு நின்றதா என்பதைக் கணினியே காட்டிவிடும்.

ஆயினும் விடையை முதலில் பார்ப்பவர் விடையை மட்டுமே அறிவார். முதலில் தாமே முயல வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். எந்தப் படியில் வழி தவறினோம் என்பதை எழுதிவைக்க வேண்டும். பயிற்சிகளைத் தம் கணினிக்குள் அமைத்த மெய்நிகர் இயந்திரத்தில் மட்டுமே செய்ய வேண்டும். உரியவர் அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஒரு வழக்கே படிப்பை முடக்கிவிடும் நிலையில் உள்ள நம் மாணவர்கள் இதை மறக்கலாகாது.

1990களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. பெண்கள் கூட்டமாகச் சைக்கிள் பழகினர். அந்தப் பழக்கம் நமக்கு உண்டு. ஒரு மடிக்கணினி, ஐந்து மாணவர், வாரம் ஒரு கணக்கு எனத் தொடங்குவோம்.