குரல் எங்கே காத்திருக்கிறது?

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது டேட்டா சென்டர்கள் எழும்பியிருக்கின்றன. டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் மையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் எஸ்டேட்டை ஒட்டிய தெருக்களில்கூட, 100 எம்பிபிஎஸ் இணைப்பு உள்ள வீட்டில், வீடியோ காலில் "கேக்குதா, கேக்குதா?" என்று கத்த வேண்டியிருக்கிறது.

மறுமுனை சிங்கப்பூரில் இருந்தாலும் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. 2002-ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, கடலைக் கடக்க 16 மில்லி நொடி போதும்.

தாமதம் பல நேரம் பிறப்பது வீட்டுச் சுவரில் மாட்டிய ரவுட்டர் பெட்டிக்குள். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கல்யாண வீடியோவை ஏற்றுகிறார். லைன் தாங்குவதைவிட வேகமாக வரும் தரவுப் பாக்கெட்டுகளைப் பெட்டி தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. 1 மெகாபைட் சேர்ந்தால், அது வெளியேற 0.8 நொடி, அதாவது 800 மில்லி நொடி ஆகும். அந்நேரம் அடுத்த அறையில் அம்மா மகளோடு பேசுகிறார். 20 மில்லி நொடிப் பேச்சைச் சுமக்கும் குட்டிப் பாக்கெட், அத்தனைக்கும் பின்னால் நிற்கிறது. குரலுக்குத் தேவை 100 கேபிபிஎஸ்கூட இல்லை. ஆனால் ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். பேண்ட்வித் இருந்தும் பேச்சு கெடுவது இதனால்தான்.

ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்று நினைவகத்தைப் பெரிதாக்கியதே வினையானது. பெரும்பாலும் பாக்கெட் தொலைவதை வைத்துத்தான் அனுப்பும் கணினி நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். எதுவும் தொலையாவிட்டால் அது அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதற்குத் தீர்வாக, வலையமைப்பு ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட 'கோடெல்' முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் காத்திருப்பு நேரத்தைப் பார்க்கிறது. 5 மில்லி நொடிக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லி நொடி வரை தணியாவிட்டால், வேண்டுமென்றே பாக்கெட்டைக் கைவிடுகிறது. அழகான யோசனை! இதன் அடுத்த வடிவம் ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் தனி வரிசை தருகிறது. குரல் வீடியோவுக்குப் பின்னால் நிற்பதில்லை.

விளம்பரங்கள் எம்பிபிஎஸ்ஸை மட்டுமே சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய கோப்பை ஏற்றும்போதே, தாமதத்தைக் காட்டும் 'பிங்' எண்ணைப் பாருங்கள். எண் தாறுமாறாக ஏறினால், ரவுட்டரில் இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் 'எஸ்க்யூஎம்' வசதி இருக்கிறதா என்று தேடி, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள்.