விடுதலைக்கும் ஒரு சான்று வேண்டும்

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பத்தை, அது கழியும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று முதலாளி தடுக்கலாமா? கூடாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அப்படியிருந்தும் திருவள்ளூர் மாவட்டத்தில் சூளைகள், அரிசி ஆலைகள், மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டிருக்கின்றன. சட்டம் இருப்பது அதற்கு உரியவர்களுக்கே தெரியவில்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மனித உரிமைக் கல்வியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

பள்ளியில் தொடங்கிய முயற்சி

தமிழகத்தில் இதற்கு வழி காட்டியது மதுரை. ஹென்றி திபேன் 1995இல் அங்கு தொடங்கிய ‘மக்கள் கண்காணிப்பகம்’, 1997 முதல் பள்ளிகளில் மனித உரிமைப் பாடம் நடத்தியது. 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் சாதி, பாலினம், குழந்தை உழைப்பு பற்றிப் பேசினார்கள். பின்னர் இந்த முயற்சி வேறு மாநிலங்களுக்கும் பரவியது. இத்தகைய கல்வி எல்லோருக்கும் உரியது என்று 2011இல் ஐ.நா. பொதுச்சபையும் அறிவித்தது.

ஆனால் சூளையிலேயே குடியிருக்கும் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை. அதன் தாய் தந்தையருக்கு வகுப்பறையும் இல்லை. வேலை முடிந்த இரவில், குடியிருப்புக்கே போய்ச் சொன்னால்தான் செய்தி அவர்களை எட்டும். ஆந்திர எல்லை என்பதால் திருத்தணிப் பக்கம் அதைத் தெலுங்கிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

என்ன சொல்லித்தர வேண்டும்?

முதலில், யாரைப் பார்ப்பது என்பது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டங்களுக்குத் திருத்தணியில் வருவாய்க் கோட்டாட்சியர் இருக்கிறார். புகாரை விசாரித்து, கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்று தருவது அவர் பொறுப்பு.

அடுத்து, பணம். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். முழுத்தொகை வழக்கில் தண்டனை கிடைப்பதைப் பொறுத்தது. அதனால் வழக்கு நகர்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கவும் பழக வேண்டும்.

மூன்றாவது, யார் நிரூபிப்பது என்பது. ‘நான் கொத்தடிமைதான்’ என்று ஏழை சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று காட்ட வேண்டியவர் கடன் கொடுத்தவரே. இந்த ஒரு வரி தெரிந்தாலே முதலாளியின் மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும்.

காத்திருக்கும் நாற்காலிகள்

கோட்ட அளவில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும், அதில் அந்தக் கோட்டத்தில் வாழும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும் என்றும் 1976ஆம் ஆண்டின் அதே சட்டம் சொல்கிறது. முன்பணத்துக்காகச் சூளையில் கட்டுண்டு கிடந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து, அடுத்த குடும்பத்தின் மனுவைக் கையில் வாங்கும் நாளில்தான், சொல்லிக்கொடுத்தது போய்ச் சேர்ந்ததாகப் பொருள்.