தோட்டத்து நாயைக் குட்டியிலேயே பழக்குங்கள்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வால் நிமிராமல் போகட்டும். நாயின் நடத்தையைத் திருத்த முடியும். அதற்குரிய வயதில், அதற்குரிய முறையில் பழக்க வேண்டும் என்பதே முக்கியம்.

தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிகள் ஆடு, கோழி, மோட்டார், தேங்காய் ஆகியவற்றுக்குக் காவலாக நாய் வளர்க்கிறார்கள். ஆனால் சில இடங்களில் காவல் நாயே வம்பாகி விடுகிறது. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெரு நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் செய்தியாயின. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாயும் இரவில் அவிழ்த்து விடப்பட்டு மற்ற நாய்களோடு சேர்ந்தால் அதே வேலையைச் செய்யும். நான்கு ஆடு வைத்திருப்பவருக்கு ஓர் ஆடு போனால் சொத்தில் கால் பங்கு போனதாகும். அந்த ஆடு பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது என்றால் நட்டத்தோடு பகையும் வந்து சேரும்.

எந்த வயதில் தொடங்குவது?

குட்டிகள் பிறந்த 10 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை, கண்ணில் படுவதையெல்லாம் அதிகம் பயமின்றி ஏற்றுக்கொள்ளும். இந்தக் காலத்தில் ஆடு, மாடு, கோழி, குழந்தைகள், கோல் ஊன்றி வரும் பெரியவர், சைக்கிள் ஆகியவற்றைப் பார்த்துப் பழகிய குட்டி, அவற்றைத் தன் வீட்டைச் சேர்ந்தவையாகவே கருதும். இந்தப் பருவம் தாண்டியபின் புதியதாக எதைக் கண்டாலும் மிரளும். அல்லது குரைத்துத் துரத்தும்.

எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி தெரிந்துகொள்கிறது. இதைக் கற்காமல் வந்த குட்டி, பின்னர் கையைப் பலமாகக் கடிக்கும்.

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நம் இனங்கள் வேட்டைக்கும் பயன்பட்டவை. ஓடுவதைத் துரத்துவது இவற்றின் பிறவிக் குணம். ஆகவே இவற்றை வளர்ப்போர் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் விதி

ஒரு செயலும் அதன் பலனும் அடுத்தடுத்து வந்தால்தான் நாய் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும். நல்ல செயல் செய்த ஓரிரு விநாடிக்குள் ஒரு சிறு துண்டு வேகவைத்த ஈரலோ முட்டையோ கொடுத்துத் தட்டிக் கொடுக்க வேண்டும்.

காலையில் கோழியைப் பிடித்த நாயை மாலையில் கூப்பிட்டு அடிப்பதால் பயன் இல்லை. கோழியைப் பிடித்ததற்காக அடி விழுந்தது என்று அதற்குத் தெரியாது. கூப்பிட்டபோது போனால் அடி விழும் என்பதையே அது கற்கும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது. ஆள் இருக்கும்போது ஒதுங்கி நின்று, ஆள் இல்லாதபோது மறுபடி கோழியைப் பிடிக்கும்.

வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். 'வா', 'உட்கார்', 'விடு' ஆகிய மூன்று சொற்கள் போதும். ஒருவர் தடுப்பதை மற்றொருவர் அனுமதித்தால் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

கூப்பிட்டால் வருதல்

முதலில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர் ஒன்றை வையுங்கள். சோறு வைக்கும் போதெல்லாம் பெயர் சொல்லி 'வா' என்று கூப்பிடுங்கள். வந்ததும் தட்டிக் கொடுங்கள். பிறகு 20 அடிக் கயிற்றில் கட்டித் தோட்டத்தில் விட்டு, வேறு எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது கூப்பிடுங்கள். வராவிட்டால் கயிற்றை மெதுவாகச் சேர்த்து அருகில் வரச் செய்து தீனி கொடுங்கள். திட்டுவதற்காக ஒருபோதும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

ஆடு, கோழியோடு பழக்குதல்

குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழிகள் மேயும் இடத்துக்கு 20 அடி தள்ளி உட்காருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் தீனி கொடுங்கள். முறைத்துப் பார்த்துப் பதுங்கினால் 'விடு' என்று சொல்லி இன்னும் சற்றுத் தள்ளிப் போங்கள். தினம் சில அடி வீதம் நெருங்கினால், சில வாரங்களில் கோழிகள் பக்கத்தில் மேய்ந்தாலும் குட்டி படுத்திருக்கப் பழகும். ஆட்டுக் குட்டிகளிடமும் இவ்வாறே பழக்கலாம்.

குட்டி விளையாட்டாகக் கோழியைத் துரத்தும்போது வீட்டார் சிரித்து ரசிப்பது தவறு. இன்று விளையாட்டாக ஓடுவது ஆறு மாதத்தில் வேட்டையாக மாறும். நாய்க்கு ஒரு வயது நிறைந்து, அதன்மேல் முழு நம்பிக்கை வரும்வரை ஆடு, கோழியோடு தனியே விடக் கூடாது.

அறுத்த ஆட்டின் குடல், நுரையீரல் முதலிய கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள். அதன் மூலம் நாயின் வயிற்றில் நாடாப்புழு வளரும். நாயின் மலத்தில் வெளிவரும் புழு முட்டைகள் ஆட்டுக்கும் மனிதருக்கும் உடலுக்குள் நீர்க்கட்டிகளை உண்டாக்கக் கூடும். மாடு போட்ட நஞ்சுக்கொடியையும் நாய் தின்ன விடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

கட்டி வைக்கும் முறை

பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய் மூர்க்கமாகிவிடும். இரண்டு கம்பங்களுக்கிடையே உறுதியான கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் நடமாட இடம் கிடைக்கும். நிழலும் தண்ணீரும் அவசியம். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து வேலியோரமாகவே சுற்றி வாருங்கள். நம் எல்லை இது என்பது அதற்குப் பழகும். இரவில் ஊர் சுற்ற விடாமல், வேலிக்குள்ளோ பட்டியருகிலோ வைத்திருங்கள்.

வீட்டு நடத்தை

சாப்பிட்டவுடன், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் குட்டி சிறுநீர் கழிக்கும். அந்த நேரங்களில் வெளியே ஒரே இடத்துக்குக் கொண்டு போனால் விரைவில் பழகிவிடும். வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் மூக்கை அதில் தேய்ப்பதால் பயமே மிஞ்சும்.

ஆள்மேல் தாவும் குட்டியைக் கவனிக்காமல் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்டபின் கொஞ்சுங்கள். தபால்காரர், பால்காரர் வரும்போது குரைப்பது அதன் வேலை. இரண்டு குரல் குரைத்ததும் 'உட்கார்' என்று சொல்லி, உட்கார்ந்ததும் தீனி கொடுங்கள். தெரிவித்துவிட்டு அமைதியாக இருந்தால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும். வண்டியைத் துரத்தும் நாயைச் சாலையோரம் அவிழ்த்து விடவே கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தைகள் நாயைத் தொடக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

தடுப்பூசி

எவ்வளவு நல்ல நாயானாலும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போட்டு வர வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் தவறாமல் கொடுக்க வேண்டும். இனப்பெருக்கம் தேவையில்லையெனில் கருத்தடை அறுவை செய்துவிட்டால், ஆண் நாய் பெட்டையைத் தேடி அலைவது குறையும்.

பழகிய நாய் திடீரென்று காரணமின்றிக் கடித்தாலோ, எச்சில் ஒழுகி, தொண்டை அடைத்தது போல் குரல் மாறினாலோ அதை அடக்கப் பார்க்காதீர்கள். வாயில் கையும் விடாதீர்கள். அடைத்து வைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். நாய் கடித்தால், வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

பயிற்சிக்கு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை ஒதுக்கினால் போதும். பால் கறக்கும் முன்னும், ஆடு ஓட்டி வந்த பின்னும், இரவுச் சோறு வைக்கும் முன்னும் செய்யலாம். வீட்டுக்குக் குட்டி வந்த அன்றே தொடங்கி ஆறு மாதம் விடாமல் செய்து வாருங்கள். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நாய்க்கும் இதே முறைதான். காலம் மட்டும் கூடுதலாகும்.